தங்கச்சி என்று சொன்னவர்

“அத்தான்! நீங்க இல்லாத வாழ்க்க எனக்கு வேணாம். இந்த உசுரு உங்க காலடியிலேயே போகட்டும்!”

இப்படிச் சொல்லிவிட்டு சேனாதிபதி பாத்தியிலிருந்து ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் எறிகிறார். இடது கையில் கைபேசி. அதை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அடுத்த வசனத்துக்குத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். சுற்றிலும் முட்டி உயரத்துக்குப் பூண்டுத் தாள். கூக்கால் என்னும் இந்த மலையூரில் அவருடைய தோட்டத்தின் மேல் பாத்தியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் காதல் வசனம் எல்லாம் மேல் பாத்தியில்தான். கீழ்ப் பாத்திகளில் களை மண்டிக் கிடந்தாலும் மேல் பாத்தி எப்போதும் துப்புரவாக இருக்கும்.

பெண் பேசும் வசனம் வந்தால் தலையில் இருக்கும் குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி. காரணம் கேட்டேன். “குல்லா போட்டுக்கிட்டு ஒரு பொம்பளப் பிள்ள அத்தான்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும் டீச்சர்?” என்றார். கைபேசியில் குல்லா தெரியாதே என்று சொல்லலாம். அவரிடம் சொல்லிப் பயனில்லை.

நான் இந்த ஊர் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல். குடியிருக்கும் வீட்டின் பின்கதவைத் திறந்தால் சேனாதிபதியின் தோட்டம். வந்த புதிதில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தபோது, ஐம்பதை நெருங்கும் ஓர் ஆள் பூண்டுப் பாத்தியில் குந்திக்கொண்டு, “என்னக் கைவிட்டுறாதீங்க” என்று தனியாக அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். அழுகையை முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்து, “புது டீச்சருங்களா? பால் வேணும்னா கீழ் வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

அவர் பூண்டு விவசாயி. அதோடு, ஊர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் நாடகம் எழுதி நடத்துகிறவர். புராணக் கதை இல்லை. “நம்மது மாடர்ன் டிராமா டீச்சர். பஸ்ஸு வரும், மொபைலு வரும், காலேசு வரும்” என்று பெருமையாகச் சொல்வார். நடிப்பவர்கள் ஊர் ஆண்கள். கதாநாயகிக்கு மட்டும் பழனியிலிருந்து விசாலாட்சி வருவார். ஒத்திகை பார்க்க அவருக்கு அடிக்கடி மலையேற முடியாது, எழுத்துக்கூட்டிப் படிப்பதும் சிரமம். அதனால்தான் இந்த ஏற்பாடு. சேனாதிபதி அவருடைய வசனத்தையெல்லாம் தானே பேசி வாட்ஸப்பில் அனுப்புவார். பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை விசாலாட்சிக்கு. ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பக்தர்கள் காலி செய்த அறைகளைக் கூட்டியபடியே கேட்டுப் பாடம் பண்ணிவிடுவார்.

வசனத்தோடு தோட்டத்துச் சத்தமும் போய்விடும். “ஏலே, காட்டுமாடு எறங்குது, வெரட்டுலே!” என்று நடுவில் ஒரு கத்தல் கேட்கும். ஒரு முறை விசாலாட்சி பதில் அனுப்பினார்: “அண்ணே, நாலாவது வசனத்துல காட்டுமாடு வருதே, அதையும் நாந்தான் பேசணுமா?” இதை சேனாதிபதி ஊரில் எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினார் என்று கணக்கில்லை. எனக்கே பல தடவை காட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர் மாதிரியே சிரிப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, இரண்டு தங்கைகளை வளர்த்து, ஒருத்தியைப் பூம்பாறையிலும் ஒருத்தியை மன்னவனூரிலும் கட்டிக் கொடுத்தார். அந்த இரண்டு கல்யாணத்தையும் தன்னுடைய கல்யாணம் போலவே பேசுவார். அவருக்குப் பெண் தர முன்வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தங்கைக்குப் பிரசவம், ஏதோ ஒரு தங்கை மகனுக்குக் காதுகுத்து. “எனக்கென்னங்க அவசரம்” என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. காலையில் வரக்காப்பி, மதியம் சோறும் பூண்டுக் குழம்பும், ராத்திரிக்கு மீந்த அதே குழம்பு. பூண்டு விலை இறங்கினால் யாரையும் திட்ட மாட்டார். நாடகத்தில் எவனாவது வசனத்தை மாற்றிப் பேசினால் மட்டும் ஒரு வாரத்துக்கு அவன் முகத்தில் விழிக்க மாட்டார்.

அவருடைய நாடகங்களைப் பற்றி நான் நல்லதாக ஒன்றும் சொல்ல முடியாது. ‘தாலி தந்த தியாகி’ பார்த்தேன். ‘அவள் சிரிக்க நான் அழுவேன்’ பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒருவன் ஒருத்தியைப் பார்ப்பான். அவள் கண்ணை வர்ணிப்பான். அவளுக்காக நாலு பேரோடு சண்டை போடுவான். அவளும் அவனை விரும்புவாள். கடைசிக் காட்சியில், அவள் நல்லா இருக்கட்டும் என்று அவள் கையை இன்னொருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு மேடையை விட்டு நடந்துவிடுவான். அவள் நின்று அழுவாள். படுதா விழும். ஆண்கள் விசிலடிப்பார்கள்.

“அவளுக்கு அவன்மேல எதனால ஆசை? அது கதையில இல்லையே?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அவன் ஹீரோ, டீச்சர்.”

“அது உங்களுக்கு. அவளுக்கு அவன்கிட்ட என்ன பிடிச்சது?”

இப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “ஆம்பள காதலிக்கிறது விட்டுக் குடுக்குறதுல தெரியும். பொம்பள காதலிக்கிறது காத்துக் கெடக்குறதுல தெரியும். அவ்வளவுதான் டீச்சர் எனக்குத் தெரிஞ்சது.”

இதை அவர் விசாலாட்சிக்கும் அனுப்பியிருக்கிறார். அதற்கு வந்த பதிலையும் கேட்டேன். “காத்துக் கெடக்குறது காதல் இல்லண்ணே. அது சோலி.” பின்னால் லாட்ஜில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம்.

எங்கள் ஊரில் களையெடுக்கப் போகும் இருளாயி இன்னும் நேராகப் பேசுவாள். போன வருட நாடகம் முடிந்ததும் சேனாதிபதியை வழிமறித்து, “ஏய்யா, அவன் பாட்டுக்கு அவளத் தூக்கி இன்னொருத்தன்ட்ட குடுத்துட்டுப் போறானே, அவளக் கேட்டானா? பூண்டு மூட்டையா அவ?” என்றாள். “அது தியாகம் ஆத்தா” என்றார் இவர். “என்ன கருமமோ. கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

விசாலாட்சியைச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவர். கல்யாணமான சில வருடத்திலேயே புருசன் இறந்துவிட்டார். வயதான அம்மாவைத் தவிர வேறு துணை இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. உயரம் கம்மி. ஆனால் மேடையில் ஏறி வாயைத் திறந்தால் ஏரிக்கரை வரை கேட்கும். அவர் இந்த ஊருக்கு முதன்முதலாக நடிக்க வந்தது பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு. காசுக்கு நடிக்க வரும் பெண் என்றால் கூட்டத்தில் சிலருக்கு வாய் நீளும். அன்றைக்கு ஒருவன் பூவை மேடையில் விட்டெறிந்து கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டான். விசாலாட்சி பேச்சை நிறுத்திவிட்டு நின்றார். படுதாவுக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சேனாதிபதி மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்கினார்.

“இந்தா பாருங்க. எனக்கு ரெண்டு தங்கச்சி. இன்னையிலேருந்து இவங்க மூணாவது தங்கச்சி. இவங்கள ஒரு வார்த்த பேசுனா என் தங்கச்சியப் பேசுன மாதிரி. அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் நாடகம் தொடங்கும்போது, “கதாநாயகியாக நடிப்பவர், நம்ம ஊர்த் தங்கச்சி விசாலாட்சி” என்று மைக்கில் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஊருக்கே அவர் ‘சேனாதிபதி தங்கச்சி’ ஆனார். திருவிழா முடிந்து கிளம்பும்போது, பிறந்த வீட்டிலிருந்து போகும் பெண்ணுக்குக் கொடுப்பதுபோல வீட்டுக்கு வீடு பூண்டும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுப்பார்கள். சேனாதிபதியின் தங்கைகள் அவருக்குப் பூ வைத்துவிடுவார்கள். இந்த மலையில் அவர் எந்த வீட்டுக் கதவையும் தட்டித் தண்ணீர் கேட்கலாம். அந்த ஒரு சொல் அவருக்குச் செய்தது கொஞ்சமில்லை. அன்றைக்கு அதைச் சொன்னபோது சேனாதிபதியின் மனதில் வேறெதுவும் இருந்ததில்லை என்பதையும் நான் நம்புகிறேன்.

எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. மாறிவிட்டது என்று மட்டும் தெரியும். வசனம் எல்லாம் அனுப்பி முடிந்த பிறகும் மேல் பாத்தியில் அவருக்கு வேலை இருந்தது. “பழனியில நல்ல வெயிலாம் டீச்சர்” என்று சம்பந்தமில்லாமல் சொல்வார். பங்குனியில் பூண்டு எடுத்ததும் நல்ல பற்களாகப் பொறுக்கித் தனியாக ஒரு பை வைப்பார். யாருக்கு என்று கேட்டால், “இருக்கட்டும்” என்பார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நானும் சும்மாதான் இருந்தேன். அடுத்தவர் மனதுக்குள் நாம் எப்படி நுழைவது?

இந்த வருடம் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேனாதிபதி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். மணி அடித்துப் பிள்ளைகள் போகும்வரை வேலியோரம் நின்றிருந்தார். பிறகு கைபேசியை நீட்டி, “இதக் கேளுங்க. எனக்கு ஒண்ணும் ஓடல” என்றார்.

விசாலாட்சியின் குரல். “இந்த வருசம் மைக்குல தங்கச்சினு சொல்ல வேணாம். விசாலாட்சினு பேரச் சொல்லுங்க. அது போதும். ஏன்னு என்னக் கேக்காதீங்க.” அவ்வளவுதான். எப்போதும் முதலில் வரும் ‘அண்ணே’ இதில் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

“அது கோவிச்சுக்கிச்சு டீச்சர்” என்றார் சேனாதிபதி. “இத்தன வருசமா நடிக்குது. வெறும் தங்கச்சினு மொட்டையாச் சொன்னா மரியாதக் கொறச்சலா இருக்கும்ல? ஒரு பட்டம் கிட்டம் குடுத்திருக்கணும். என் தப்புதான்.”

“பேரச் சொன்னாப் போதும்னுதானே சொல்றாங்க? அப்படியே செய்யுங்களேன்.”

“சும்மா பேரச் சொன்னா அது இன்னும் மொட்டையா இருக்காது?”

“இருந்தா இருக்கட்டும். அவங்க கேட்டது அதுதான். கேட்டதைச் செய்யுங்க” என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் குல்லாவைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “பாப்போம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திருவிழாவுக்கு வந்தால் விசாலாட்சி என் வீட்டில்தான் தங்குவார். நாடகத்தன்று காலையில் பின்கதவருகே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“ஒட்டன்சத்திரத்துலேருந்து ஒருத்தரு பொண்ணு கேட்டு வந்தாரு டீச்சர். மார்க்கெட்டுல தக்காளி எடை போடுறவரு. சம்சாரம் தவறிருச்சு. பிள்ளைக கெடையாது.”

“எப்படி ஆள்?”

“நல்ல மனுசந்தான். வந்தவரு என்ன கேட்டாருங்கிறீங்க? ‘உங்களுக்குக் காலைல காப்பியா, டீயா?’னு கேட்டாரு.” விசாலாட்சி சீப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “எனக்குச் சொல்லத் தெரியல டீச்சர். என் வயசுக்கு இப்படி ஒண்ண என்கிட்ட யாரும் கேட்டதில்ல. நாடகத்துல எனக்காகச் சண்ட போட்டவன் எத்தன பேரு! ஒருத்தனாவது கேட்டிருப்பானா?”

“என்ன சொல்லி அனுப்புனீங்க?”

“சித்திரத் திருவிழா முடியட்டும், சொல்றேன்னு சொன்னேன்.” பின்னலை முடித்து முன்னால் போட்டுக்கொண்டார். வெளியே மேல் பாத்தியைப் பார்த்தார். பூண்டு எடுத்துவிட்டதால் அது வெறும் மண்ணாகக் கிடந்தது. “இவரு இன்னைக்கு மைக்குல என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு, அங்க பதிலச் சொல்லிக்குவோம்.”

எழுந்து சீப்பைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ராத்திரியில் நாடகம் போட்டால் குளிருக்கு ஆள் உட்காராது என்று எங்கள் ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தொடங்கிவிடுவார்கள். கோயிலுக்குக் கீழே பலகை மேடை. வெயில் இருக்கும், திடீரென்று மஞ்சு என்கிற மூடுபனி இறங்கி மேடை தெரியாமல் போகும், மறுபடி விலகும். யாரும் கவலைப்படுவதில்லை. விசாலாட்சிக்குப் புடவை கட்டிவிட நான் படுதாவுக்குப் பின்னால் போயிருந்தேன். முன்வரிசையில் சேனாதிபதியின் தங்கைகள் இரண்டு பேரும் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு சேனாதிபதி மைக்கைப் பிடித்தார்.

நாடகத்தின் பெயரைச் சொன்னார். ‘மணமேடையில் ஒரு தியாகி’. கதாநாயகன் செல்லப்பாண்டி, நம்ம ஊர் ஜீப் டிரைவர் என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தினார். உள்ளே விசாலாட்சி முகத்துக்குப் பவுடர் போடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“கதாநாயகியாக நடிப்பவர்... இத்தன வருசமா நம்ம ஊரோட ஒண்ணுக்குள்ள ஒண்ணா... என் கூடப் பொறந்த பொறப்புக்குச் சமமான... என் அன்புத் தங்கச்சி, ‘கலைச்சுடர்’ விசாலாட்சி அவர்கள்!”

ஊரே கை தட்டியது. தங்கைகள் எழுந்து நின்று தட்டினார்கள். விசாலாட்சி பவுடர் டப்பாவை மூடினார். “சரி” என்றார். வேறு யாரிடமோ சொல்வதுபோல மறுபடியும் “சரி” என்றார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கீழே குனிந்து அவருடைய புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அவர் நடித்த மாதிரி நான் பார்த்ததில்லை. ஒரு வசனம் பிசகவில்லை. படுதா ஓரத்தில் நின்று தாளைப் பிடித்துக்கொண்டிருந்த சேனாதிபதிக்கு வேலையே இல்லை. கடைசிக் காட்சி வந்தது. செல்லப்பாண்டி விசாலாட்சியின் கையைப் பிடித்து மாப்பிள்ளையாக நடித்தவன் கையில் வைத்து, “இவளப் பத்திரமாப் பாத்துக்க நண்பா, நான் போறேன்” என்றான். விசாலாட்சி நின்று அழ வேண்டும். படுதா விழ வேண்டும்.

விசாலாட்சி கையை உருவிக்கொண்டார். செல்லப்பாண்டியைப் பார்க்கவில்லை. படுதா ஓரத்துக்குத் திரும்பி, அங்கே நின்றவரைப் பார்த்துக் கேட்டார்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

செல்லப்பாண்டி விழித்தான். இப்படி ஒரு வசனம் அவன் பாடம் பண்ணியதில் இல்லை. “அண்ணே, வசனம்” என்று வாயசைத்தான். சேனாதிபதி தாளைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “நல்லாக் கேளு தாயி!” என்று இருளாயி கத்தினாள். விசாலாட்சி அசையாமல் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சு மேடைக்குள் வர ஆரம்பித்தது. நான் சேனாதிபதிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் தாளை விட்டு நிமிர்ந்து விசாலாட்சியைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். படுதா விழுந்தது.

“அதுக்கு வசனம் மறந்துபோச்சு டீச்சர்” என்றார் என்னிடம். “பாவம், பஸ்ஸுல வந்த அலைச்சல்.” தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மறுநாள் வெள்ளனே பஸ். விசாலாட்சியின் பையையும் வீடுகளில் கொடுத்த மூட்டைகளையும் சேனாதிபதிதான் தூக்கி வந்தார். தனியாகப் பொறுக்கி வைத்த பூண்டுப் பையை மூட்டையோடு மூட்டையாக மேலே ஏற்றினார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்த விசாலாட்சி அவரை நன்றாக ஒரு தடவை பார்த்தார். “வரேன்ண்ணே” என்றார். மலைக்கு வந்து இறங்கியதிலிருந்து அவர் வாயில் வராத சொல் அது. பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பி நடக்கும்போது எனக்குக் கோபம் தாங்கவில்லை. “உங்களுக்கு நிஜமாவே புரியலையா, இல்ல புரியாத மாதிரி நடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

ஏரிக்கரை வரை நடந்தார். அங்கே நின்று குல்லாவைக் கழற்றினார்.

“மொதல்ல புரியல டீச்சர். சத்தியமாப் புரியல. பட்டம் எழுதிக்கிட்டு இருக்கும்போதுதான் திடீர்னு புரிஞ்சுது. முந்தின நாளு. தூங்கவே இல்ல. பேர மட்டும் சொல்லிருவோம்னுதான் மைக்கப் பிடிச்சேன். முன்னால பாத்தா ஊரு முழுக்க உக்காந்திருக்கு. தங்கச்சிக உக்காந்திருக்கு. வாய் பழகுன சொல்லத்தான் சொல்லுச்சு.”

“அப்புறமாவது மாத்திச் சொல்லியிருக்கலாம்ல? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. போன் பண்ணுங்க.”

“எப்படி மாத்த? இத்தன வருசமா மைக்குல தங்கச்சினு சொன்ன வாயி. இப்ப மாத்துனா, அன்னைக்கே கண்ணு வச்சுக்கிட்டுத்தான் தங்கச்சின்னானு ஊரு பேசும். என்னப் பேசட்டும். அதையும் சேத்துல்ல பேசும்? பொறந்த வீடு மாதிரி வந்து போகுது. அதக் கெடுக்கவா? விட்டுக் குடுத்ததா இருக்கட்டும் டீச்சர்.”

“அவங்களக் கேட்டீங்களா?”

ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. துக்கம்தான் மிச்சம். ஊருக்குப் பயந்தாரா, விசாலாட்சிக்காகப் பயந்தாரா, இல்லை தியாகியாக நிற்பதில் உள்ள சுகம்தான் அவரை இழுத்ததா? மூன்றுமே இருந்திருக்கும். எது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆவணியில் விசாலாட்சிக்குக் கல்யாணம். அடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபம். ஊரிலிருந்து சேனாதிபதியும் நானும் போனோம். மலையிறங்கும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். புது வேட்டி, தோளில் புதுத் துண்டு. குல்லா இல்லாத தலையை அன்றுதான் பஸ்ஸில் பார்த்தேன். பழனி வெயிலில் வியர்த்துக்கொட்டியது.

லாட்ஜ்காரர்கள் கொஞ்சம் பேர், மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பேர். மாப்பிள்ளை கூச்சப்படுகிற மனிதர். வாசலில் போட்ட மணைப்பலகையில் நின்றுகொண்டு, வந்தவர்களையெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் செம்பில் தண்ணீரும் தட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மண்டபத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“பொண்ணுக்கு அண்ணந்தம்பி யாருப்பா? மாப்பிள்ளைக்குக் கால் கழுவி உள்ள கூட்டிட்டுப் போகணும். வெரசா வாங்க.”

விசாலாட்சியின் அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். லாட்ஜ் மேனேஜர், “நான் வேணா கழுவுறேன்” என்று எழுந்தார். உள்ளே மணமேடை ஓரத்தில் மாலையோடு நின்ற விசாலாட்சி யாரையும் காட்டவில்லை. குனிந்த தலையைத் தூக்கவும் இல்லை. யாரோ, “கூடப் பொறந்தவங்க இல்ல போல” என்றார்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

“இருக்கேன்” என்றார் சேனாதிபதி. “நாந்தாங்க அண்ணன்.”

நடந்து போய் வாசலில் மண்டியிட்டார். மாப்பிள்ளை பதறி, “வேணாங்க, நானே கழுவிக்கிறேன்” என்று காலை இழுத்தார். “அப்படிச் சொல்லக் கூடாது, காலக் குடுங்க மாப்பிள” என்று சேனாதிபதி அந்தக் காலைப் பிடித்துத் தட்டில் வைத்தார். செம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பெருவிரலால் குதிகாலைத் தேய்த்துக் கழுவினார். மற்றக் காலையும் கழுவினார். “போதும்ப்பா, நல்ல நேரம் போகுது” என்றார் பெரியவர். சேனாதிபதி தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, விரலிடுக்கில் ஈரம் நிற்காதபடி, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார்.